ஈறு நிறம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தில்
களியக்காவிளை பஸ் ஏறும்போதெல்லாம்
எங்கள் லேப் அலமாரியில்
பல்செட்டுகள் தாமாகக் கிடுகிடுக்கும்.
குளிரே இல்லாத ஊரில்
குளிர்வதுபோல் ஒரு நடிப்பு.

அந்த அலமாரிக்குக் கீழேதான்
டைட்டஸின் கிட்டாரை மல்லாத்திப் போட்டிருந்தேன்.
மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்,
ஒரு தோள்வாரும் இருமுகிற ஆம்ப்பும் சேர்த்து.
கானமேளா ட்ரூப் கலைந்து அவன் ஷார்ஜா போனபோது
விசாவுக்குக் குறைந்த காசில் இதுவும் ஒரு துண்டு.
குளச்சல் உப்புக்காற்று தின்ற ஃப்ரெட்டுகள்
ஒவ்வொன்றும் பச்சை பிடித்த கடைவாய்ப்பல்.

மாற்றித்தர ஆள் திருவனந்தபுரத்தில் உண்டு.
அவன் கேட்ட கூலிக்கு வேறொரு கிட்டாரே வாங்கலாம்.
மாற்றுவானேன், எடுத்துவிட்டால் என்ன
என்று தோன்றியது ஒரு வியாழக்கிழமை,
கரண்ட் போய் வேலை நின்ற மதியம்.

ஸ்பிரிட் விளக்கில் மெழுகுக் கத்தியைக் காய்ச்சி
ஃப்ரெட்டின் முதுகில் வைத்துப் பத்து எண்ணினேன்.
ஓரத்தில் கட்டரை நுழைத்து அசைத்தேன்.
முதலாவது வந்தது.
இரண்டாவது, ஈட்டி மரத்தில்
ஒரு சிராய்த் தோலையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.
மன்னிச்சுக்கோ என்று சத்தமாகவே சொன்னேன்.
எனக்கு வருவது வாயின் அச்சு மட்டும், வெள்ளைப் பிளாஸ்டரில்.
பிடுங்கும் இடத்தில் நான் நின்றதே இல்லை.

பிளவுகளை அடைக்க மரச்சீவல் தேடவில்லை.
கைவசம் இருந்தது தானே இறுகும் அக்ரிலிக், ஈறு நிறத்தில்.
பொடியும் திரவமும் குழைத்து அப்பி,
இறுகியபின் உப்புத்தாள்,
அதைவிட நைசான உப்புத்தாள்,
பிறகு ஃபெவிக்விக் மூன்று பூச்சு, கண்ணெரிய.
அந்தரத்தில் நின்ற கம்பிகளை
நட்டை அராவிக் கீழே இறக்கினேன்.
கறுத்த கழுத்தில் இருபத்தொரு இளஞ்சிவப்புக் கோடுகள்.
"இது என்னட்டீ ஷைனி, சிரிக்குத மாதிரி இருக்கு"
என்றாள் பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றும் ஜெனிற்றா.

ஸி வாசித்தேன்.
வந்தது அதன் பக்கத்து வீட்டுக்காரி.
கார்டு பிடித்தால் ஆறு பேருக்குள் சொத்துத் தகராறு.
கோட்டின் மேலேயே விரல் நிற்கவேண்டும், பின்னால் அல்ல.
ஆலயப் பாடற்குழுவில் பதினைந்து வருடம் பழகிய விரல்
ஒவ்வொரு முறையும் பின்னால் போய் உட்கார்ந்தது.
ஆனால் ஒற்றைக் கம்பியில்
மெதுவாக மேலே இழுத்தபோது,
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு
யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டதுபோல்,
த இல்லை, ச இல்லை,
மெய்யெல்லாம் கழன்று
உயிர் மட்டும் நீண்டது.
தமிழ் எந்த ஸ்டாப்பில் இறங்கி
மலையாளம் எந்த ஸ்டாப்பில் ஏறியது என்று
களியக்காவிளை கண்டக்டருக்கே தெரியாததுபோல.

சனிக்கிழமை ராத்திரி டைட்டஸ் வீடியோவில் வந்தான்.
"டிசம்பர்ல வாறேன் மக்கா. அது நிக்குதா, வித்துட்டியா?
வாங்குன வெலைக்கு மேல ஆயிரம் தாறேன்."
பதில் சொல்லாமல் கழுத்தைக் கேமராவுக்குக் காட்டினேன்.
நெட் நின்றதா, அவன் நின்றானா, தெரியவில்லை.
பாதி மூடிய கண்ணோடு படம் உறைந்து கிடந்தது.
குரல்தான் முதலில் வந்தது.
"ஏழாவதுல, மூணாம் கம்பிக்கு அடியில
ஒரு குழி உண்டு, பாத்தியா?
பன்னெண்டு வருசம், திருவிழா திருவிழாவா
அந்த ஒரு எடத்துல வளைச்சு வளைச்சு வந்தது.
அத மட்டும் எறிஞ்சிராத."

எறியவில்லை.
பல்செட்டு டப்பாவில் இருபத்தொன்றும் கலந்து கிடந்தன.
கழுத்து ஒடுங்கித் தொடங்கிப் போகப்போக அகலும்.
ஆகவே நீளம் பார்த்து அடுக்கலாம்.
அடுக்குவது என் தொழில்.
மேசை விளக்கடியில் குட்டையிலிருந்து தொடங்கினேன்.
ஐந்து. ஆறு.
ஏழில் நகத்தை ஓட்டினால் தட்டியது,
கடுகுகூட நிற்காத பள்ளம்.

கிட்டாரை எடுத்து ஏழாவது கோட்டில் விரல் வைத்தேன்.
வழவழவென்று இருந்தது. என் வேலைதான், சுத்தமாக.
பாலத்தில் கடைசி பஸ் ஏறியது,
அலமாரி நடுங்கியது.
அவன் வளைத்த அளவு எவ்வளவு என்று தெரியாமல்
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
தள்ளிக்கொண்டே போனேன்.