திங்கட்கிழமை உப்பு

பினாங்கில் கப்பல் கட்டியதும்
மூவாயிரம் பேர் இறங்கி
மணிக்கூண்டைப் படம் எடுத்தார்கள்.
எனக்கு நான்கு மணி நேரம்.
விரல்களில் நேற்றைய வெங்காயம்.

பதினொரு மாதமாகக் கப்பலின் அடிவயிற்றில்
உரித்து உரித்து
ஒரே ஒரு ஆசைதான் மிச்சம்:
என் மூக்குக்குத் தெரியாமல் வெந்த சோறு.

அதற்கு என்னிடம் ஒரு விதி உண்டு.
படம் போட்ட பலகையை நம்பாதே.
வாசலில் நின்று கூப்பிடுகிறவனை நம்பாதே.
துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன்
மதியம் எந்தப் பக்கம் நடக்கிறானோ
அந்தப் பக்கம் நட.
கொசுமேலில் மீன் எடை போடுகிறவன் பின்னால் போய்
ஒரு சந்துக்குள் சோள ரொட்டி தின்றேன்,
எலுமிச்சையும் மிளகாயும் கண்ணீரும் சேர்த்து.
விதி பொய்த்ததில்லை,
இந்தத் திங்கட்கிழமை வரை.

பையைச் சோதிக்கும் இயந்திரத்தடியிலிருந்து
ஒருவர் எழுந்தார், மணி பன்னிரண்டரை.
சட்டையில் பெயர்: ரொஸ்மான்.
தொந்தியும் இருந்தது, நல்ல சகுனம்.
பின்தொடர்ந்தேன்.

லெபோ பந்தாய் முழுக்க நடந்தார்.
வங்கி இயந்திரத்தில் பணம் எடுத்தார்.
காத்திருந்தேன்.
கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு ஆணி முடுக்கினார்.
காத்திருந்தேன்.
கோந்து ஒரு குப்பி வாங்கினார்.
வழியில் நாலு சாப்பாட்டுக்கடை.
நாலையும் திரும்பிப் பார்க்காமல் கடந்தார்.
அடடா, எப்படிப்பட்ட நாக்கு என்று
மனசுக்குள் கும்பிட்டேன்.

மூன்றாவது முறை திரும்பியபோது
அவர் கை பணப்பையின்மேல் இருந்தது.
என்ன வேண்டும் என்றார்.
ஐந்து விரலைக் குவித்து
வாய்க்குக் காட்டினேன்.
அவரும் ஐந்து விரலைக் குவித்தார்,
பிறகு விரித்து
இல்லை என்று ஆட்டினார்.
‘புவாசா.’
திங்கட்கிழமை நோன்பாம். அவராக வைத்துக்கொள்வது.

ஒரு பட்டினிக்காரனை
முக்கால் மணி நேரம்
சாப்பாட்டுக்காகத் துரத்தியிருக்கிறேன்.

அவர் சிரித்த சிரிப்பில்
புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன.
வா என்றார்.
மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பின்னால்
பெயரில்லாத ஒரு தகரக் கூரை.
காக் நோர்மா என்று கூப்பிட்டார்,
ஒரு கரண்டி எட்டிப் பார்த்தது.
எனக்காக அவரே சொன்னார்:
சோறு, திருக்கை, அந்தச் சிவந்த குழம்பு.

புன்னைக்காயல்காரனுக்குத் திருக்கை தெரியாதா?
புளி தெரிந்தது, மிளகாய் தெரிந்தது.
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு பூ
தன் பாட்டுக்கு மணத்தது.
நான் கண்டிராத பூ.
கேட்டேன், புங்கா கந்தான் என்றார்.
காக் நோர்மா ஒரு மொட்டையே எடுத்துக் காட்டினாள்,
இளஞ்சிவப்பு, மூடிய குடை மாதிரி.

எதிரே உட்கார்ந்து
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சங்கடமாக இருந்தது.
மூன்றாம் கவளத்தில் கேட்டார்:
உப்பு?
ஒரு கல் கூடுதல் என்றேன்.
மேசையைத் தட்டினார்.
போன வாரமும் அப்படித்தான் என்று
அடுப்பைப் பார்த்துச் சத்தம் போட்டார்.
அடுப்பும் பதிலுக்குச் சத்தம் போட்டது.
காசு கொடுக்கப் போனேன்,
அவள் என்னிடம் வாங்கினாள்,
அவரிடமும் ஒரு பொட்டலத்துக்கு வாங்கினாள்.

நாலரைக்குத் திரும்பும்போது
அவர் இயந்திரத்தடியில் இருந்தார்.
நாற்காலி முதுகில் அந்தப் பொட்டலம்,
ரப்பர் வளையம் மாட்டித் தொங்கியது.
என் பை உள்ளே போய் வெளியே வந்தது.
திரையில் என்ன பார்த்தாரோ,
தலையை மட்டும் அசைத்தார்.
காகிதத்தில் சுற்றிய ஒரு மொட்டு இருந்தது, அவ்வளவுதான்.

இரவு விருந்துக்கு இருநூறு கிலோ.
பினாங்கு விளக்குகள் பின்னால் போய்விட்டன.
ஏழு முப்பத்தைந்துக்குக்
கத்தியைக் கீழே வைத்தேன்.
என்னடா நின்றுவிட்டாய் என்றான் தலைமைச் சமையல்காரன்.
உப்பு பார்க்கிறேன் என்றேன்.
என் முன்னால் இருந்தது
உரித்த வெங்காயம் மட்டும்.