எண் 317

எழும்பூர் மியூசியத்தின் பின்கட்டு.
மின்விசிறி சுற்றினால் பழைய பதிவேடு
தன்னைத்தானே புரட்டிப் பார்க்கும்.
எனக்கு வேலை, நாளுக்கு அறுபது கல்.
எடை, நீளம், கிடைத்த இடம், கொடுத்தவர்
எல்லாம் கணினியில் ஏற வேண்டும்.

கொடுத்தவர்: கன்னியப்ப நாயகர்,
ரோட்டுக் கணக்கர், பல்லாவரம், 1891.
ஒவ்வொரு கல்லோடும் ஒரு துண்டுச் சீட்டு,
ஜல்லி வண்டிகளை எண்ணிய அதே கையெழுத்தில்.
"மழைக்குப் பின். சரளை வெட்டிய குழி. முழங்கால் ஆழம்."
"இது தானாக உடைந்ததல்ல."
பெயர் தெரியாமல் அவரே வைத்த பெயர்:
ஆள்கல்.

குழியில் இருந்தவர்கள் சிரித்தார்களாம்,
அதையும் எழுதி வைத்திருக்கிறார்:
"நாங்க ஒடைக்கிறோம் கூலிக்கு,
ஒடைஞ்சதைப் பொறுக்குது கணக்கு."
துரை முதல் சுமையைத் திருப்பி அனுப்பினார்.
கூடைக்கு மட்டும் ரசீது கொடுத்தார்.

குழியைத் தேடி ஒரு வெள்ளிக்கிழமை போனேன்.
சந்தை.
பழைய ரேடியோ, கழற்றி விற்ற கதவு, ஒற்றைச் செருப்பு,
தலையை உரசிக்கொண்டு இறங்கும் விமானம்.
யாரைக் கேட்பது?

317இன் சீட்டு மட்டும் நீளம்.
"இதை என் சம்சாரம் பாப்பம்மாள்
அடுப்பங்கரைக்கு எடுத்துப் போய்ப் பனங்கொட்டை பிளந்தாள்.
எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கவில்லை.
கட்டைவிரல் தானே போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது.
ஐந்து வருஷமாய் நான்
தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்."
கீழே பென்சிலில்:
"கல்லைத் திருப்பிக் கேட்டதில்
இரண்டு நாள் பேச்சில்லை."

கையுறையைக் கழற்றக் கூடாது.
கழற்றினேன்.
விரல் உட்காரவில்லை. திருப்பிப் பிடித்தேன், அப்போதும் இல்லை.
எனக்கு இடது கைப் பழக்கம்.
செதுக்கியவனுக்கு, இல்லை செதுக்கியவளுக்கு,
பாப்பம்மாளைப் போல வலது.
விளிம்பில் ஒரு கறுப்பு.
பனஞ்சாறோ, செம்மண் துருவோ,
கண்டுபிடிக்க நான் யார்.

கொடுத்தவர் கட்டத்தில் ஒரு பெயர்தான் ஏறும்.
இரண்டாவதை அடித்தால் சிவப்பாகிவிடுகிறது.
வெகுநேரம் யோசித்து
அந்த ஒரு கல்லுக்கு மட்டும்
பா. கன்னியப்ப நாயகர் என்று அடித்தேன்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.
"பா-ன்னா அப்பா பேரா?"
"சீட்டுல இருக்கு சார்."

318. எடை, நானூற்றுப் பத்து கிராம்.