மூன்றாம் பத்தி

மாவட்டக் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில்
ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவே
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், நான்.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
ஸ்பெல்லிங் தப்பினால் வக்கீல்கள் தருவது பதினெட்டு.

அந்த இரண்டு ரூபாய்க்காகத்தான் ஆரம்பித்தேன்.
நாற்பது பக்க நோட்டு,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தி:
சொல். பொருள். வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

முதல் பத்தி நாள் தவறாமல் நிறைந்தது.
ஹிதர்டூ.
நாட்வித்ஸ்டாண்டிங்.
ஒரே மூச்சில் சொல்லி முடிக்க
ஒரு மாதம் பிடித்த இர்ரிட்ரீவபிள்.
இரண்டாவதை அகராதி பார்த்து நிரப்பிவிடுவேன்.
மூன்றாவதுதான் வெள்ளையாய்க் கிடந்தது.
இவற்றை வைத்து என்ன பேச?
யாரிடம் பேச?
ஒருநாள் துணிந்து,
"சளி நாட்வித்ஸ்டாண்டிங், ஐஸ் போட்டு ஒரு நன்னாரி" என்றேன்.
"ஸ்டாண்டிங் எதுக்கும்மா, உக்காந்தே குடி"
என்றார் சர்பத் கடை ராஜாங்கம்.

சித்திரை முடிந்த ஒரு வியாழன்,
ஜூனியர் வக்கீல் நஸ்ரீன் கூட்டிவந்தார்
செக்கானூரணிப் பக்கத்து ஒச்சம்மாளை.
ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை.
திரையைப் பார்த்து நின்றபடி சொன்னாள்:
"சட்டில கஞ்சி கொதிக்குது,
இந்தா வாரேன்னுட்டுப் போன ஆளு.
கஞ்சி தீஞ்சு நாந்தான் எறக்கி வச்சேன்.
ஆச்சு எட்டு வருசம்."

நஸ்ரீன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
வில்ஃபுல்லி டிசர்ட்டட்.
விதவுட் ரீசனபிள் காஸ்.
கஞ்சி வரவில்லை, சட்டி வரவில்லை,
இந்தா வாரேன் வரவேயில்லை.

இந்தச் சொல்லில் எஸ் ஒன்றுதான்.
இரண்டு போட்டால் ஐஸ்கிரீம் ஆகிவிடும்;
ஏற்கெனவே இரண்டு ரூபாய் கொடுத்துப் படித்த பாடம்.
ஒற்றை எஸ்ஸில் பாலைவனமும் அதே எழுத்து.
பிரிவென்றால் பாலை என்று
பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்குக்கு எழுதியது
கீபோர்டுக்கு மேலே
வந்து நின்றது ஒரு நொடி.
கர்சர் அவசரப்படுத்தியது.
அடுத்த வரி.

"மூணு பேச்சுச் சொன்னேன், மூணு பக்கம் அடிச்சிருக்க.
இதுல நான் எங்கன இருக்கேன்?"
பெட்டிஷனர் என்று விரல் வைத்துக் காட்டினேன்.
"அந்தாளு?"
ரெஸ்பாண்டன்ட். பதில் சொல்பவர்னு அர்த்தம்.
"பதிலா? அவனா?"
தோள் குலுங்கச் சிரித்தாள்,
நஸ்ரீனும்கூட ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார்.
"விட்டுட்டுப் போனதுக்கு என்ன போட்டிருக்க?"
டிசர்ட்டட்.
புளியங்காய் கடிப்பதுபோல்
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.
கற்றதைச் சும்மா வைத்திருக்க முடியாமல்
நானும் சொன்னேன்:
ஆள் விட்டுப்போன இடத்துக்கும் அதைச் சொல்லலாம்.

சாயங்காலம் அண்ணா பஸ் நிலையம்.
பெரியார் போகிற பஸ்ஸில்
நான் பின்படியில், அவள் உள்ளே.
ஜன்னலோர சீட்டில் யாரோ போட்ட துண்டு,
துண்டுக்காரன் கண்ணில் படவில்லை.
டிரைவர் ஏறிவிட்டார். இரண்டு தரம் ஹாரன்.
ஒச்சம்மாள் மொத்த பஸ்ஸையும் பார்த்துக் கேட்டாள்:
"இந்த சீட்டு டிசர்ட்டடா?"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
வேறு யாரும் பதில் சொல்லவில்லை.
துண்டை உதறி, நாலாய் மடித்து,
கம்பியில் தொங்கவிட்டு
உட்கார்ந்தாள்.

ராத்திரி நோட்டை விரித்தேன்.
அவள் கேட்ட கேள்வியை மட்டும்
எழுதத்தான் நினைத்தேன்.
துண்டையும் சொல்ல வேண்டியிருந்தது,
ஹாரனையும், உட்காராத ஸ்டூலையும்.
மூன்றாம் பத்தி போதவில்லை.
கோட்டைத் தாண்டி
பொருளின் மேலேயே எழுதிக்கொண்டு போனேன்.