வரிசையில் ஒற்றைச் செருப்பு

அம்மா முன்வீட்டில் சொல்லிவைத்திருக்கிறா:
"பிள்ளை ஒரு புறோக்கரிட்டை வேலை செய்யுது."
காணிப் புறோக்கரோ, கலியாணப் புறோக்கரோ என்று
கேட்டவர்களுக்கு அவவிடம் பதில் இல்லை.
கமிஷன் கிடையாது, சம்பளமும் கிடையாது என்றதும்
கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

உண்மையில் இவ்வளவுதான்:
ஒரு நிரல் தன் செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும்.
இன்னொரு நிரல் வந்து வாங்கிப்போகும்.
இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்ப்பதில்லை.
நடுவில் இருப்பது பிரித்துப் படிக்காது,
"கிடைத்தது" என்ற ஒரு சொல் வரும்வரை
மடியில் வைத்திருக்கும்.
இப்படியொரு மனிதரை
கொக்குவிலில் நான் கண்டதில்லை.

பகலில் ஸ்ரான்லி வீதிக் கந்தோரில்
மருந்துக்கடைகளுக்குப் பில் போடும் நிரல் எழுதுகிறேன்.
இரவு பதினொன்றுக்குப் பிறகு இது.

பிழை அகப்பட்டது ஒரு மாரி இரவில்.
தாவடிப் பக்கம் எங்கோ தென்னோலை விழுந்து
கரண்ட் போனது. பதினேழு நிமிடம்.
வந்ததும், வாங்குவதற்கென்று நான் ஓடவிட்டிருந்த சிறு நிரல்
எழுந்து, தன் பெயரைச் சொல்லிக் கை நீட்டியது.
அப்படி ஒருவர் இல்லை என்றது புறோக்கர்.
அதன் பங்கில் இருந்த நாற்பத்தொரு செய்திகள்
எவருடைய கணக்கிலும் இல்லை.

நாலு இரவு.
பூட்டு ஒன்று ஒரு வரி முந்தித் திறக்கிறது.
நாடி பார்க்கும் கை
பெயரை முதலில் அழித்துவிட்டு
அதன் பிறகுதான் பொதியை எண்ணுகிறது.
இடம் மாற்றினேன். பதினொரு வரி.
கூடவே, போனவர் திரும்பும்வரை
அரை மணி நேரம் இடம் பிடித்துவைக்கும் ஓர் அமைப்பு.

பராமரிப்பவர் தூமாஸ்.
அவருடைய ஊரில் கரண்ட் போனால்
பத்திரிகையில் வரும்.
பூட்டை ஒப்புக்கொண்டார். அரை மணிக்கு எழுதினார்:
"முப்பது வினாடி மூச்சு இல்லையென்றால்
இறந்ததாகக் கொள்வதே வழக்கம்.
இவ்வளவு நேரம் கழித்து
யார் திரும்பி வரப்போகிறார்கள்?"

முதலில் எழுதிய பதிலை அழித்தேன்.
பிறகு எழுதினேன்:

தூமாஸ், இரண்டாயிரத்து இருபத்திரண்டில்
இங்கே பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசை.
மூன்று நாள் யாராலும் நிற்க முடியாது.
வெறும் கானை வைப்பார்கள், கல்லை வைப்பார்கள்.
எங்கள் ஒழுங்கைச் சிவகடாட்சம் ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டு
மற்றதோடு நொண்டிக்கொண்டு வீடு போய்
குளித்து, சோறு தின்று, ஒரு நித்திரையும் கொண்டு வந்தார்.
லைன் நகர்ந்தபோதெல்லாம் பின்னால் நின்றவர்
அந்தச் செருப்பைக் காலால் தள்ளித் தள்ளி
முன்னே கொண்டுவந்திருந்தார்.
அவர் பெயர் இவருக்குத் தெரியாது.
அந்தப் பின்னால் நின்றவரைத்தான்
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் எழுதியிருக்கிறேன்.

ஒன்பது நாள் பதில் இல்லை.
ஒன்பது நாளும் நானும் ஒரு செருப்பு.

பிறகு ஒரு விடியப்புறம்: சேர்க்கப்பட்டது.
இயல்பில் முப்பது வினாடியே இருக்கும்,
வேண்டியவர் கூட்டிக்கொள்ளட்டும் என்றார்.
வெளியீட்டுக் குறிப்பில் பதினான்காவதாக என் பெயர்,
மயூரதியில் ஓரெழுத்தை விழுங்கி.
ஆனால் அமைப்புக்கு நான் வைத்த பெயரில்
கை வைக்கவில்லை.
எந்த ஊர் இயந்திரத்திலும் இனி ஒருவர்
செருப்பு = 1800
என்று எழுதிவிட்டு நித்திரைக்குப் போகலாம்.

நேற்று லீமாவிலிருந்து ஒருத்தி முறையிட்டிருக்கிறாள்:
இப்போது சில செய்திகள் இரண்டுதரம் வருகின்றன.
வராமலே போவதைவிட அது மேல் என்று
எழுதத் தொடங்கினேன்.
அதை இங்கிருந்து ஒருவர் சொன்னால்
வேறேதோ சொல்வதுபோல் ஆகிவிடும்.
அழித்துவிட்டு,
எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம் வைத்திருந்தீர்கள்,
பதிவுக் கோப்பை அனுப்ப முடியுமா
என்று கேட்டேன்.