நாலரை பஸ்

பத்தாம் பதினோராம் வகுப்புகளை ஒன்றாக்கி
மேசைகளை ஓரத்துக்குத் தள்ளி
எனக்கொரு கதிரை, ஒரு சோடா.
"தொழில் வழிகாட்டல் சேர் வந்திருக்கிறார்,
எழும்பி வணக்கம் சொல்லுங்கோ."
பாண்டியன்குளத்தின் எழுபத்தொரு வணக்கம்.

புரொஜெக்டரைக் கொளுவ முதலே கரண்ட் போனது.
நல்லதாய்ப் போச்சு.
முதல் படத்தில் ஒரு பெடியன் ரை கட்டிக்கொண்டு
கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால் சிரிப்பான்.
அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவருக்கு என்ன தகைமை வேணும் என்று
போன கிழமை மாங்குளத்தில் ஒருத்தன் கேட்டான்.
கோப்பைப் புரட்டினேன். இல்லை.

படிவம் கொடுத்தேன். நாற்பத்திரண்டு கேள்வி.
கொழும்பில் ஒருவர் சிங்களத்தில் யோசித்து
இன்னொருவர் அவசரத்தில் தமிழாக்கியது.
கேள்வி ஒன்பது:
ஓய்வு நேரத்தில் அரும்பொருட்காட்சிச்சாலை செல்ல விரும்புவீர்களா?
கேள்வி பதினேழு:
இயந்திரங்களுடன் பழகுவது உங்களுக்கு இன்பமளிக்கிறதா?
டிசாந்தன் மேசையில் கவிழ்ந்து நித்திரை.
விடிய இரண்டு மணிவரை
மணல் ஏற்றும் உழவு மெசினோடு பழகிவிட்டு வந்தவன்.
பக்கத்தில் இருந்தவன் அவனுக்கும் சேர்த்து "ஆம்" என்று புள்ளடி போட்டான்.
ஒன்பதுக்கும் போட்டான்.

பிறகு நான் பேசினேன்.
என்.வி.கியூ. மட்டம் மூன்று, மட்டம் நான்கு,
கிளிநொச்சியில் குளிரூட்டி திருத்தும் பயிற்சி,
தாதியர் கல்லூரி, வெதுப்பகம், மீன்வளர்ப்பு.
பேசப் பேச என் குரல் எனக்கே
கச்சேரி வாசலில் இருந்து கேட்டது.
நீலத் தறப்பாள். நூற்றுப் பதினெட்டு நாள்.
பட்டமளிப்புச் சால்வையோடு படம் எடுத்தவர்கள்
பாயில் குந்தியிருந்து வேலை கேட்டோம்.
தந்தார்கள்.
காலியாய்க் கிடந்த கதிரைகளை எண்ணி
ஒவ்வொன்றிலும் ஒருவரை இருத்தினார்கள்.
எனக்கு விழுந்தது
மற்றவர்களுக்கு வழி காட்டுவது.

"கேள்வி ஏதும்?"
கடைசி வாங்கில் ஒரு கை.
யதுர்சிகா. புருவத்தில் பிளாஸ்டர்.
"சேர், நீங்கள் என்னவா வர விரும்பினீங்கள்?"
உப அதிபர் இருமினார்.
"கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிறவரா" என்றேன்,
உண்மை அதுதான்.
ஒரு பந்தும் தவறவிடாமல் ஒரு முழுநாளைக்
கட்டம் கட்டமாய் எழுதி வைப்பது.
மண்டபம் சிரித்த சிரிப்பில்
டிசாந்தனும் எழும்பி, என்னவென்று தெரியாமல் சிரித்தான்.

சைக்கிளடியில் அவள் மறுபடி.
"குளிரூட்டிக்குப் பெட்டையளும் சேரலாமோ?"
"ஓம்."
"எத்தனை மணிக்கு முடியும்?"
"நாலரை."
"எங்கட பக்கத்துக் கடைசி பஸ்ஸும் நாலரைதான்."
கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோல் சொன்னாள்.
கோபமில்லை. அழுகையும் இல்லை.
இறங்குகிற சந்தியிலிருந்து வீட்டுக்கு ஐந்து கிலோமீற்றர்,
ஆறு மணிக்குப் பிறகு ரோட்டு யானைக்கு.
என் கோப்பில் இருநூறு பாடநெறி.
ஒரு பஸ்ஸின் நேரமும் இல்லை.

டிப்போவுக்குக் கடிதம் எழுதினேன். பதிலில்லை.
நேரில் போனேன். நேரக்கணிப்பாளர்
"அரை மணித்தியாலம் பிந்தினா ஓவர்டைம் ஆர் குடுக்கிறது?" என்றார்.
மூன்றாம் முறை, தேத்தண்ணிக் கடையில், ட்ரைவரே பிடிபட்டார்.
"ஆருக்காக?"
"ஏ.சி. திருத்தப் படிக்கப்போற ஒரு பிள்ளைக்கு."
வடையைக் கடித்தபடி யோசித்தார்.
"என்ர பஸ்ஸுக்கு ஒண்டு பூட்டித் தருவாளோ?"
பிறகு, "பத்து நிமிசம். அதுக்கு மேல ஏலாது."

பயிற்சி நிலைய வாசலிலிருந்து பஸ் தரிப்புக்கு
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.
பதினொரு நிமிடம்.
ஓடினால் எட்டு. எனக்கு. சப்பாத்தோடு.

மாத அறிக்கையில்
வழிகாட்டப்பட்ட மாணவர் தொகை: எழுபத்தொன்று.
பத்து நிமிடத்தை எழுதக் கட்டம் இல்லை.

சோதனை முடிந்து, பெறுபேறு வந்து,
பயிற்சி தொடங்கிய திங்கட்கிழமை.
நாலு முப்பத்தெட்டு. நாலு முப்பத்தொன்பது.
மிதிபலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாய் நிற்கிறேன்.
எஞ்சின் உறுமுகிறது.
தூரத்தில், மரக்கறி லொறிக்குப் பின்னால்,
ஒரு நீலச் சட்டை வருகிறது. அவளோ வேறு யாரோ.
"எடுப்பமோ அண்ணை?" கொண்டக்டர் கேட்கிறான்.
"ஒரு பந்து பொறு" என்கிறேன்.
அவனுக்கு விளங்கவில்லை.