காற்று பதினெட்டு

சால்பிப் பாலையில் கற்ற முதல் பாடம்:
சக்கரம் புதைந்தால் முடுக்காதே, இறங்கு.
வால்வில் குச்சியைக் குத்தி
காற்றைப் பதினெட்டுக்குக் கொண்டு வா.
டயரின் வயிறு தளர்ந்து
மணல்மேல் பரந்து படுக்கும்.

அங்கே ஒருமுறை உப்புப் பொருக்கு உடைந்து
அச்சுவரை இறங்கிய வண்டியின் நிழலில்
இரண்டு பகல் இருந்தேன், தனியாக.
தண்ணீர் பதினொரு லிட்டர்.
டயரியில் எழுதினேன்:
இன்றும் வண்டி எதுவும் வரவில்லை.
எழுதும்போது, உண்மையைச் சொன்னால்,
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில்
போடிமெட்டுச் செக்போஸ்ட் தாண்டி
சாந்தன்பாறைக்கு மேலே
ஏலத்தோட்டத்துத் தடத்தில்
புது வண்டி இடுப்பளவு இறங்கியபோது
கை தானாகவே வால்வைத் தேடியது.
இஸ்ஸென்று காற்று போகப் போக
பழைய பாலை கொஞ்சம் திரும்பி வந்தது.

நான்கே நிமிடம்.
பின்னால் ஹாரன்.
கம்பி வைத்துக் கட்டிய பம்பரோடு
ஒரு கமாண்டர் ஜீப்.
உள்ளேயும் பக்கவாட்டிலும் தொங்கலிலுமாகப்
பதினான்கு பெண்கள்,
தலையில் உரச்சாக்குக் கொங்காணி,
மடியில் தூக்குச்சட்டி.
தேவாரத்தில் நாலரைக்கு ஏறியவர்கள்.

டிரைவர் பைலி குனிந்து பார்த்தார்.
"பஞ்சரா?"
"இல்லை. நான்தான் இறக்குகிறேன்."
"நீங்க தன்னே?"

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல்:
"ஏழரைக்குப் பேர் கூப்புடுவாக.
தாண்டுனா அரைச் சம்பளம்."

நான் மணலைப் பற்றிச் சொன்னேன்.
உப்பைப் பற்றிச் சொன்னேன்.
கென்யா என்றும் சொல்லிவிட்டேன்.
பைலி ஹாரனை இன்னொருமுறை அடித்தார்,
எனக்கு எதிரே நின்றுகொண்டே,
ஜன்னல் வழியாகக் கையை விட்டு.

வீரசின்னு இறங்கி வந்தார்.
உட்கார்ந்து, சேற்றுக்குள்
முழங்கைவரை விட்டுத் துழாவினார்.
"அடியில கல்லு கெடக்கு தாயி.
மேலதான் கொழகொழன்னு.
ஒன் வண்டிக்குக் காத்து கூட இல்ல,
கனம் பத்தல."

எட்டுப் பேர் என் வண்டியில் ஏறினார்கள்.
கூடாரத்தை நகர்த்தி, அடுப்பை நகர்த்தி,
ஷோரூம் தாள் இன்னும் கிழிக்காத சீட்டில்
ஈரச் சேலையோடு நெருக்கி உட்கார்ந்தார்கள்.
சாக்கின் வாடை,
ஏலத்துக்கு அடிக்கும் மருந்தின் வாடை.
மற்ற ஆறு பேர்
சக்கரத்தடியில் கல் திணித்தார்கள்.

"பின்னால எடு.
முன்னால போற நெனப்பே வேணாம்."

கடித்தது சக்கரம்.
வழுக்கி, மறுபடி கடித்து,
பைலியின் கண்ணாடி முழுக்கச் சேற்றை வீசி
எகிறிப் பின்னால் வந்தது.

அகலமான வளைவுவரை
அப்படியே பின்னோக்கிப் போனோம்.
வீரசின்னு கேட்டார்:
"அம்புட்டுத் தூரம் எதுக்குப் போன?"
"ரோடே இல்லாத இடத்தைப் பார்க்க."

வெளியே ஒருமுறை பார்த்தார்.
"அதையா?" என்றார்.

மணி ஏழு ஐம்பத்திரண்டு.
இரண்டாயிரம் நீட்டினேன்.
வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன்.
வாங்கி, விரலை நக்கி எண்ணி,
மனக்கணக்கில் பதினான்காக வகுத்தார்:
தலைக்கு நூற்று நாற்பத்திரண்டு.
மீதி பன்னிரண்டு.
பைலி வாங்க மாட்டேன் என்றார்.
சுருக்குப்பையிலிருந்து
ஒரு பத்து ரூபாய்த் தாளும் ஒரு காசும்
என் டேஷ்போர்டுக்கு வந்தன.

ஜீப் என்னைத் தாண்டி
அந்தச் சேற்றிலேயே ஏறிப் போனது,
வேகத்தைக்கூடக் குறைக்காமல்.
தொங்கலில் நின்றவளின் ஒரு கால்
கடைசிவரை வெளியே தெரிந்தது.

காற்றடிக்கும் பம்பு வீட்டில் இருந்தது.
தளர்ந்த நான்கு டயரோடு
பூப்பாறைவரை ஊர்ந்தேன்.
பஞ்சர் கடைப் பையன் கேட்டான்,
"எத்தனை வைக்கணும்?"
சொன்னேன்.
"இருபது ரூபா."

டேஷ்போர்டில் பன்னிரண்டு இருந்தது.
அதைத் தொடாமல்
பர்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.