மயில் ரயில்

முதல் ரயிலை விட்டுவிட்டோம்.
அது வெறும் ரயில் என்றாள் தேஷ்வினி.
கதவைத் திறந்து
எங்களுக்காகவே போலக் கொஞ்ச நேரம் நின்றது.
செந்தூலில் இறங்கியவர்கள்
ஏறாமல் நிற்கும் மூன்று பேரைத்
திரும்பிப் பார்த்தபடி படியேறினார்கள்.

அடுத்தது அரைமணி கழித்து.
அதுவும் வெறும் ரயில்தான்.

இரவு வேலை முடித்து வந்து
மூன்று மணி நேரமே தூங்கிய மணிசேகரன்
தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு,
"எது எப்ப வரும்னு
கவுண்டர்ல இருக்கிற பையனுக்கே தெரியலயாம்" என்றார்.
"வரும்" என்றாள்,
இன்று மட்டும் என்று கெஞ்சி
தீபாவளிக்கு முன்பே போட்டுக்கொண்ட
பச்சைப் பாவாடையின் ஜரிகையை
நகத்தால் கீறியபடி.

பாலர் பள்ளியில் நூர் இமான் சொன்னாளாம்.
பெட்டியெல்லாம் மயிலாம். கூரையெல்லாம் விளக்காம்.
நூர் இமான் பொய் சொல்லமாட்டாளாம்,
பென்சில் விஷயத்தில் தவிர.

மழை பிடித்துக்கொண்டது.
பையில் மிச்சம்: பாதி முறுக்கு,
உறிஞ்சி முடித்த மைலோ பொட்டலம்.

மூன்றாவது ரயில் மழைக்குள்ளிருந்து வந்தது.
முதலில் அலகு.
அப்புறம் கழுத்து.
அப்புறம் ஐந்து சன்னல் நீளத்துக்குத்
தோகை, ஈரத்தில் மினுங்கி.
அவள் கத்தவில்லை,
என் சுண்டுவிரலை மட்டும் இறுக்கினாள்.
கத்தியவர் மணிசேகரன்.

உள்ளே, கதவுக்கு நேர் எதிரே
தரையில் ஒட்டியிருந்தார்கள் ஒரு கோலம்.
கார் சக்கரத்தைவிடப் பெரிது.
அவள் நின்றுவிட்டாள்.
"மிதிக்கக் கூடாது."

அது என் வாக்கியம்.
பதினோராம் மாடி நடைவழியில்
வண்ண அரிசி தூவி
முதுகு விண்டுபோகும் நேரத்தில்
வீட்டில் எல்லாருக்கும் நான் போடும் அதட்டல்.

கைகளை விரித்துக் காவல் நின்றாள்.
"கோலம்! ஜங்கான் பிஜாக்!"
பூட்ஸ் போட்ட கட்டட வேலைக்காரர்
தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கம்பியைப் பிடித்துத் தொங்கினார்.
தூடோங் அணிந்த இரண்டு பெண்கள்
சிரித்துக்கொண்டே ஓரமாய் நழுவினார்கள்.
ஒரு சீனர் சக்கரப் பெட்டியைத்
தூக்கிக்கொண்டு தாண்டினார்.
புத்ரா வரைக்கும்
கோலாலம்பூர் அவள் சொல் கேட்டது.

பேங்க் நெகாராவில் கூட்டம்.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
பின்னால் நிற்பவர் தள்ளினால்
முன்னால் நிற்பவர் என்ன செய்வார்?
ஈரச் செருப்புகள், பள்ளிச் சப்பாத்துகள்,
மஞ்சள் இதழின்மேல் சொட்டும் ஒரு குடை.
நான் அழுகைக்குத் தயாரானேன்.
கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன்.
அப்பாவின் தோளுக்கு வர மறுத்து
கால்களுக்கு இடையில் குந்தி
பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

கேஎல் சென்ட்ரலில் பெட்டி காலியானது.
கோலத்தின்மேல் சேறு, கசங்கிய ரசீது ஒன்று.
விரலால் தேய்த்தாள்.
நான் தடுப்பதற்குள்
எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
"அழியலம்மா."

சந்தோஷமா ஏமாற்றமா,
எனக்குப் பிடிபடவில்லை.

"ஸ்டிக்கர்" என்றார் அவர்.
"நம்மளது?"
"நம்மளது அரிசி."

மயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்
இறங்கி நடந்தாள்.

தீபாவளியன்று விடியற்காலை ஐந்து மணிக்குக்
கோலத்தை முடித்து
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
காப்பி கலக்க உள்ளே போனேன்.
திரும்பி வந்தால்
உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயோடு
நட்ட நடுவில் அவள்.
ஒரு காலை அழுத்தினாள்.
எடுத்தாள். குனிந்து பார்த்தாள்.
அதட்ட வாயைத் திறந்தேன்.

"அழியுதும்மா!"
முதல் மத்தாப்பைக் கொளுத்தியவள் மாதிரி
ஒரு கூச்சல்.

பாதம் முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஒட்டியிருக்க
கூடத்தைத் தாண்டி ஓடினாள்.
அப்பாவை எழுப்பி
காலைக் காட்ட வேண்டுமாம்.

போர்வையை நேற்றுத்தான் துவைத்தேன்.